ஆகாயத்துப் பொதுவழி

அமெரிக்கத் தகவல் தொடர்புக் கமிஷன் 2023-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் டிஷ் கம்பெனியின்மீது 1,50,000 டாலர் அபராதம் விதித்தது. விண்வெளிக் குப்பை சம்பந்தமாக அக்கமிஷன் விதித்த முதல் அபராதம் அதுவே. தொகை சொற்பம், விஷயம் சொற்பமன்று.

பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பாதை இருக்கிறது. அதில் செல்லும் செயற்கைக்கோள், பூமி ஒருமுறை சுழலும் நேரத்திலேயே தானும் ஒருமுறை சுற்றி வருவதால், கீழிருப்போர்க்கு அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். டெலிவிஷனுக்கும் வானிலை அறிவிப்புக்கும் உலகம் இதனை நம்பியிருக்கிறது. இத்தகைய பாதை ஒன்றே ஒன்றுதான். பூமிக்குச் சமீபமாகச் சுற்றும் கலங்களைக் காற்றின் உராய்வு நாளடைவில் இழுத்து எரித்துவிடும். இங்கோ காற்றில்லை, செத்த கலம் தானாக விழுவதில்லை. ஆகவே உரிமையாளரே ஆயுள் முடியுமுன் அதனைச் சுமார் 300 கிலோமீட்டர் மேலே ஏற்றி ஒதுக்கிவிட வேண்டுமென்பது சர்வதேச ஏற்பாடு.

இதற்கு வேண்டிய எரிபொருள் அதிகமன்று. கலத்தை அதனிடத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் நிறுத்தி வைக்கச் செலவாகும் அளவுதான். ஆனால் அந்த மூன்று மாதமும் கலம் பணம் சம்பாதிக்குமல்லவா? அங்கேதான் சிக்கல். 2002-இல் ஏவப்பட்ட எக்கோஸ்டார்-7 கலத்தை 300 கிலோமீட்டர் உயர்த்துவதாக டிஷ் கம்பெனி 2012-இல் வாக்களித்தது. 2022 பிப்ரவரியில் பார்த்தபோது எரிபொருள் போதவில்லை. கலம் சுமார் 122 கிலோமீட்டரோடு நின்றுவிட்டது. எடையற்ற நிலையில் தொட்டியில் மிஞ்சியதைத் துல்லியமாக அளப்பது கடினமென்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும், அளவு நிச்சயமில்லையென்று தெரிந்த வியாபாரி முன்கூட்டியே அல்லவா புறப்பட வேண்டும்?

இது செய்ய முடியாத காரியமுமன்று. 2007-இல் ஏவப்பட்ட நமது இன்சாட்-4பி கலத்துக்கு 273 கிலோமீட்டர் உயர்வு போதுமென்று கணக்கிடப்பட்டது. இஸ்ரோ 2022 ஜனவரியில் பதினொரு முறை உந்தி, அதனைச் சுமார் 340 கிலோமீட்டர் உயர்த்திய பிறகே ஓய்வு கொடுத்தது.

இன்னும் ஒரு கலமும் அனுப்பாத ஏழைத் தேசங்களுக்கும் இப்பாதையில் பங்குண்டு. அவர்கள் வரும்பொழுது வழியில் பிறர் விட்டுச் சென்ற குப்பை கிடப்பது எந்த நியாயம்? அபராதமோ காரியம் கெட்ட பின் வருவது. அனுமதி கொடுக்கும்போதே சர்க்கார் ஒரு பெருந்தொகையை ஜாமீனாக வாங்கி வைத்துக்கொண்டு, கலம் உரிய உயரத்தை அடைந்ததென்று ருசுவான பின் திருப்பித் தரவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். தனியார் கலங்களுக்கு அனுமதி வழங்கத் தொடங்கியிருக்கும் நம் சர்க்கார் இந்த நிபந்தனையை இப்பொழுதே சேர்ப்பது எளிது. கம்பெனிகள் பெருகிவிட்டபின் எளிதாயிராது.