நின்ற மோட்டார் சைக்கிளின் ஒயில் எங்கே போகிறது?

மாதக்கணக்காகக் கொட்டிலில் நின்ற, அப்பா காலத்து பிஎஸ்ஏ மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கிறீர்கள். ஒயில் தாங்கியைத் திறந்தால் பாதிக்கு மேல் வெறுமை. நிலத்தில் பெரிதாக ஒன்றும் சிந்தவில்லை. பலரும் உடனே புது ஒயில் ஊற்றி, கிக்கரை உதைப்பார்கள். சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

இன்றைய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் ஒயில் எஞ்சினின் அடியிலேயே இருக்கும். பிஎஸ்ஏ, நோர்ட்டன், ட்ரையம்ப் போன்ற பழைய பிரித்தானிய வண்டிகளில் அது தனித் தாங்கியில் இருக்கும். இதுதான் 'டிரை சம்ப்' முறை. பம்பின் ஒரு பகுதி ஒயிலை எஞ்சினுக்கு அனுப்பும். மற்றப் பகுதி அடியில் வடிந்ததை உறிஞ்சித் தாங்கிக்குத் திருப்பும். எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கக்கூடாது என்பதால், திருப்பும் பகுதியின் கொள்ளளவு கூடுதலாக இருக்கும்.

எஞ்சின் நின்றதும் நிலைமை மாறுகிறது. தாங்கி மேலே, எஞ்சின் கீழே. பிஎஸ்ஏ, நோர்ட்டன் பம்புகளில் பற்சக்கரங்களைச் சுற்றியுள்ள நுண்ணிய இடைவெளியால் ஒயில் மெல்லக் கீழிறங்கும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய இராணுவம் பயன்படுத்திய பிஎஸ்ஏ எம்20 இல் இதைத் தடுக்கச் சிறு உருண்டை வால்வு உண்டு. அதில் தூசி சிக்கினாலோ, அது அமரும் இடம் தேய்ந்தாலோ முழுமையாக மூடாது.

அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால், அடியில் தேங்கிய ஒயில் பிஸ்டனைத் தாண்டி எரிந்து புகை கக்கும். அழுத்தத்தால் ஒயில் சீல் தள்ளுப்படலாம். புதிதாக ஊற்றியது காணாதென்று, திரும்பி வரும் ஒயிலும் சேர்ந்து தாங்கி வழியும்.

செய்ய வேண்டியது எளிது. முதலில் எஞ்சினின் அடியிலுள்ள வடிப்பு ஆணியையோ தகட்டையோ கழற்றித் தேங்கியதை வடியுங்கள். பிறகு தாங்கியை அளவாக நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். தாங்கியின் வாயால் பார்த்தால், திரும்பும் குழாயிலிருந்து ஒயில் விழுவது தெரியும். சற்று நேரத்தில் விழாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒயில் மட்டத்தை, எஞ்சின் சில நிமிடங்கள் ஓடிய பிறகே பாருங்கள்.

ஒயில் குழாயில் திருகு பூட்டினால் வடியாது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஒருநாள் திறக்க மறந்தால், ஒயில் இல்லாமல் ஓடும் எஞ்சின் சில நிமிடங்களிலேயே இறுகிப்போகும். திருகு பூட்டுவதானால், அது மூடியிருக்கையில் ஸ்டார்ட் ஆகாதபடி மின்சுவிட்சும் சேர்த்துப் பூட்டுங்கள். அதைவிடப் பம்பையும் வால்வையும் சீர்செய்து, வாரம் ஒருமுறை சற்றுத் தூரம் ஓட்டுவது நல்லது. வடிந்த ஒயிலை மீண்டும் வாங்கலாம். இறுகிய எஞ்சினுக்கு உதிரிப்பாகம் தேடுவது பெரும்பாடு.