‘வாத்து எச்சம்’ பேர்ல ஒரு டீயா? மணம் மட்டும் பூ மாதிரி! எப்படிப் போடணும்?

சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில், சாவோசூ அருகே ஃபீனிக்ஸ் மலையில் விளையும் ஊலாங் டீ ‘யா ஷி சியாங்’. அர்த்தம், ‘வாத்து எச்ச வாசனை’! நல்ல செடியை யாரும் திருடிடக் கூடாதுன்னு ஒரு விவசாயி வைத்த பெயர் என்பது அங்கே சொல்லப்படும் கதை.

பூ எதுவும் சேர்ப்பதில்லை. பறித்த இலையை வாட்டி, உலுக்கி, ஓரங்களை லேசாக நசுங்க விடுவார்கள். மணம் அதிலிருந்துதான் வருகிறது.

எப்படிப் போடுவது?

* 100 மில்லி பிடிக்கும் மூடி போட்ட கோப்பையில் 5 கிராம் இலை
* கொதித்த தண்ணீரை ஊற்றி, 10 விநாடியில் வடித்துவிடுங்கள்
* முதலில் மூடியை முகர்ந்து பாருங்கள், பிறகு குடியுங்கள்
* அதே இலையில் பலமுறை ஊற்றலாம். போகப்போக நேரத்தைக் கூட்டுங்கள்

பால், சர்க்கரை வேண்டாம். கசந்தா டீயைக் குறை சொல்லாதீங்க, ஊறும் நேரத்தைக் குறைங்க!