சாயங்காலம் தொங்கும் இமை



ஃபஜ்ர் நேரத்தில் கண் நன்றாக இருக்கும். மஃரிபுக்குள் ஓர் இமை பாதி இறங்கிவிடும்; குர்ஆனைத் திறந்தால் ஒரு வரி இரண்டாகத் தெரியும். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். இதனாலேயே பலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள், அல்லது கண்ணாடியை மாற்றுகிறார்கள். கண்ணாடியால் பயனில்லை. பழுது கண்ணில் இல்லை, கண்ணையும் இமையையும் அசைக்கும் தசைகளில் இருக்கிறது.

இதன் பெயர் மையஸ்தீனியா கிரேவிஸ். நரம்பு அனுப்பும் கட்டளையைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தை, நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே பகையாக நினைத்துத் தாக்குகிறது. உழைக்க உழைக்கத் தசை சோர்ந்துபோகும். நடிகர் அமிதாப் பச்சனுக்கு 1984இல் இந்த நோய் கண்டறியப்பட்டது; சிகிச்சைக்குப் பின் பல்லாண்டுகள் நடித்தார். இது தொற்றாது. கண்ணூறு என்று ஓதிப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள்.

இமைக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. எதிர்ப்பு அணுக்களுக்குப் பயிற்சி தரும் இடம் அது. வளர்ந்தபின் சுருங்கிவிட வேண்டும். இந்நோயாளிகள் பலருக்கு அது வீங்கியிருக்கும். நூற்றில் பத்துப் பதினைந்து பேருக்கு அதில் கட்டியே இருக்கும். ஆகவேதான் இமைக்காகப் போனவரை டாக்டர் நெஞ்சு சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புகிறார். வீண் செலவு என்று தட்டிக்கழிக்க வேண்டாம். கட்டி இருந்தால் அறுவை சிகிச்சை செய்து எடுப்பார்கள்.

மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் ஐஸ் வைத்து, இமை உயர்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. பிறகு ரத்தப் பரிசோதனை. பைரிடோஸ்டிக்மின் மாத்திரை பலருக்கு நல்ல பலன் தரும். காரைக்குடிப் பக்கம் இருப்பவர்கள் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டலாம். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் போகலாம். காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

கண்ணோடு தொடங்குவது சிலருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடம்பெங்கும் பரவும். விழுங்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் விடியும்வரை காத்திராமல் 108ஐ அழையுங்கள். திடீரென்று இமை விழுந்து கடும் தலைவலியும் வந்தால் அது வேறு நோயாக இருக்கலாம். அதற்கும் அதே அவசரம்தான்.

காய்ச்சலுக்கு மருந்துக் கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்றவை இந்நோயை முற்றச் செய்யும். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.

ரமளானில் ஒரு சிக்கல் வரும். இந்த மாத்திரையின் வேகம் சில மணி நேரம்தான். பகலிலும் சாப்பிட வேண்டியிருக்கும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. நோன்பு வரும் முன்பே டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.