பிராணவாயு இருந்தும் பட்டினி

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலையேறும்போது, சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். பெரியாற்று நீர் அவற்றில் விழுந்து, டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்தபின் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்கிறது. குழாய் நிறைய நீர் வந்தும் டர்பைன் இறுகிக்கொண்டால்? மின்சாரம் கிடைக்காது. அழற்சி கண்ட சிறுநீரகச் செல்லின் கதை ஏறக்குறைய இதுதான்.

முதலில் ஒரு கணக்கு. நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து சுமார் 300 கிராம். நாளொன்றுக்கு அவை வடிகட்டும் நீரோ 180 லிட்டர்! அதிலுள்ள சோடியத்தைச் சமையல் உப்பாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும். அநேகமாக அத்தனையையும் நுண்குழல் செல்கள் திரும்ப ரத்தத்துக்கு இறைத்தாக வேண்டும். இறைப்பதற்கு ஆற்றல் வேண்டுமல்லவா? அதை மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் தருகின்றன. இச்செல்கள் பெரிதும் கொழுப்பை எரிப்பவை. பிராணவாயு இல்லாமல் கொழுப்பு எரியாது.

இனி வயலுக்கு வருவோம். எலியின் சிறுநீரில் வெளிவரும் லெப்டோஸ்பைரா என்ற திருகு வடிவக் கிருமி, தேங்கிய நீரிலிருந்து காலின் வெடிப்பு வழியே உடலுக்குள் புகுந்து நுண்குழல்களில் குடியேறக்கூடும். இதுவே எலிக்காய்ச்சல். உடல் அதை எதிர்க்கும்போது அழற்சி உண்டாகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஓட்டம் தடுமாறுகிறது. சில செல்களுக்குப் பிராணவாயு குறைகிறது. இது எதிர்பார்க்கக்கூடியதே. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. கடும் அழற்சியில் உடல் நைட்ரிக் ஆக்சைடை ஏராளமாகத் தயாரிக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் பிராணவாயு வந்து சேரவேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. அப்போது ரத்தம் பிராணவாயுவைக் கொண்டுவந்தாலும் செல்லால் பயன்படுத்த முடிவதில்லை. மூக்கில் குழாய் வைத்துப் பிராணவாயு கொடுப்பது மட்டும் இங்கே போதாது.

ஆற்றல் குறைந்தால் இறைப்பு தளர்கிறது. போதாக்குறைக்கு, கிருமியின் உறையிலுள்ள ஒரு கொழுப்புப் பொருளும் இறைக்கும் புரதத்தையே முடக்குகிறது. இதனால் உப்பும் பொட்டாசியமும் சிறுநீரில் வீணாகின்றன. ஆகவே எலிக்காய்ச்சலில் சிறுநீர் அளவு குறையாமலே சிறுநீரகம் பழுதடைவதுண்டு. “சிறுநீர்தான் நன்றாகப் போகிறதே” என்று வீட்டார் தைரியமாக இருந்துவிடுவதுதான் ஆபத்து. நடவுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால், வயலில் இறங்கியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பார்த்தால் சிறுநீரகத்தின் நிலை தெரியும்.

டாக்சிசைக்ளின், பெனிசிலின் போன்ற எளிய மருந்துகள் காலத்தோடு கொடுத்தால் கிருமியை ஒழிக்கின்றன. அழற்சி தணிந்ததும், பிழைத்த செல்கள் பிரிந்து பெருகி நுண்குழலின் உட்சுவரை மறுபடி மூடுகின்றன. இறைப்பும் மீண்டும் தொடங்குகிறது.