வாடிவாசலும் பார்வையாளரும்

திருப்பரங்குன்றத்தை அடுத்த அவனியாபுரத்தில் தை முதல் நாளன்று ஏறுதழுவுதல் நடைபெறுகிறது. மறுநாள் பாலமேடு, அதன்பின் அலங்காநல்லூர். உச்ச நீதிமன்றம் 2014-இல் விதித்த தடை, 2017-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியையடுத்து இயற்றப்பட்ட சட்டத்திருத்தத்தால் நீங்கிற்று. 2023-இல் அந்நீதிமன்றமே அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. வழக்கு முடிந்தது. ஆயர்களாகிய நமக்கோ வேறொரு வினா எஞ்சியுள்ளது. மனிதர் குத்துண்டு விழும் களத்தைக் காண, நம் சபையார் உட்பட, ஆயிரக்கணக்கானோர் திரள்வதேன்?

இரத்தவெறி என்று பிரசங்கபீடத்திலிருந்து கூறிவிடுதல் எளிது. களத்தை உற்றுநோக்குவார்க்கு அவ்விடை போதாது. வீரன் திமிலை மட்டுமே தழுவலாம். வாலையோ கொம்பையோ பற்றலாகாது. நெருங்குவாரின்றிக் காளை சுழன்று நின்று வெளியேறுமாயின், கூட்டம் காளைக்கே ஆரவாரிக்கிறது. ஆகவே மக்கள் நாடுவது சாவையன்று. சாவு நேரக்கூடிய இடத்தில் அஞ்சாது நிற்றலையே. எனினும் அபாயம் முற்றும் நீங்கிய களத்திற்கு எவர் வருவர்? முல்லைக்கலிப் புலவரும் குடல் சரிந்த காட்சியை மறைக்கவில்லை.

அகுஸ்தீன் தமது 'அறிக்கைகள்' ஆறாம் புத்தகத்தில் நண்பர் அலிப்பியுஸைக் குறித்து எழுதுகிறார். ரோமாபுரியில் வாட்போர் அரங்கிற்குத் தோழரால் இழுத்துச் செல்லப்பட்ட அவர், கண்களை இறுக மூடிக்கொண்டார். ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த பேரொலி அவர் கண்களைத் திறந்தது. அக்கணமே அவரும் கூட்டத்தில் ஒருவரானார். அவரை வென்றது காட்சிக்கு முன்னே குரல்! கல்கத்தா ஈடன் தோட்டத்தில் 1980 ஆகஸ்டு 16 அன்று மோகன் பகான், கிழக்கு வங்காள அணிகளின் கால்பந்தாட்டத்தில் ஆட்டக்காரரிடையே எழுந்த மோதல், பார்வையாளரிடையே பரவி 16 உயிர்களைக் குடித்தது.

ரோமாபுரியின் களத்தில் மடிந்தோருள் அடிமைகளும் தண்டனை பெற்றோரும் பலர். நம் இளைஞரோ தாமே விரும்பி இறங்குகின்றனர். ஆதலின் தெர்த்துல்லியனின் கண்டனத்தை அப்படியே அவனியாபுரத்திற்குக் கொண்டுவருதல் நேர்மையன்று. ஆயினும் பார்வையாளரின் நிலை ஈரிடத்தும் ஒன்றே: வீரம் நமக்கு, காயம் பிறனுக்கு. தடுப்புக்கு இப்பால் நின்றுகொண்டே நாமும் வீரராகிவிடுகிறோம். (காளைகள் ஓடி வெளியேறும் கோடியில், வேடிக்கை பார்த்தோரே குத்துண்டு மாண்டதும் உண்டு.)

லூக்கா 23-ஆம் அதிகாரம் சிலுவையைக் காணவந்த திரளையும் பார்வையாளராகவே காட்டுகிறது. ஆனால் அத்திரள் மார்பில் அடித்துக்கொண்டு திரும்பிற்று. அவனியாபுரத்தில் காயமுற்றவனைத் தூக்கிச் செல்கையிலேயே ஒலிபெருக்கி அடுத்த காளையை அறிவிக்கிறது. கண்கள் வாடிவாசலுக்குத் திரும்பிவிடுகின்றன. அவனைத் தொடர்ந்து மருத்துவமனைக்குச் செல்வோர் அவன் வீட்டார் மட்டுமே. பொங்கல் ஆராதனை முடிந்தபின் ஆயர் செல்லவேண்டிய இடமும் அதுவே என எண்ணுகிறோம்.