திரை விலகுமுன்னே

இருட்டில் பாதி திறந்த ஒரு கொட்டகைக் கதவு; அதன் கீழே மங்கலாகத் தெரியும் ஒரு காரின் முகப்பு; 'டி' என்னும் ஓர் ஆங்கில எழுத்து. 2014 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் டெஸ்லா மின்கார் நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க், டுவிட்டரில் வெளியிட்ட படம் இவ்வளவே. 'டி'யையும் வேறொன்றையும் திரை விலக்கிக் காட்டும் வேளை வந்துவிட்டது என்று ஒரு வரி அதனுடன் சேர்த்திருந்தார். அந்த 'டி' எது, 'வேறொன்று' எது என்பதை ஒரு சொல்லாலும் விளக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் உலகெங்கும் ஊகமே பேச்சாயிற்று. சாரதியில்லாமல் ஓடும் கார் என்றனர் சிலர். நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார் என்றனர் வேறு சிலர். பத்திரிகைகள் எழுதின, பங்குச் சந்தையில் அந்நிறுவனத்தின் பங்கு விலை ஏறிற்று. அக்டோபர் 9-ஆம் நாள் இரவு, கலிபோர்னியா மாநிலத்தின் ஹாத்தோர்ன் நகரில் திரை விலகியது. 'டி' என்றது இரட்டை மோட்டாரை. முன்சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், பின்சக்கரங்களுக்கு ஒரு மோட்டார். பெட்ரோல் காரில் நான்கு சக்கரங்களையும் இயக்க வேண்டுமாயின் ஒரே எஞ்சினின் விசையை நீண்ட தண்டின் வழியாக முன்னும் பின்னும் கடத்த வேண்டும்; மின்காருக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புதிய காரின் மிகுவேக வகை, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை 3.2 வினாடியில் எட்டும் என்று கூறப்பட்டது. 'வேறொன்று' என்றது, ஓட்டுவோருக்குத் துணைபுரியும் காமிரா, ராடார் முதலிய கருவிகளை.

இரண்டு கூட்டத்தாரும் ஏறக்குறையச் சரியாகவே ஊகித்திருந்தனர். ஆயினும் மறுநாள் அந்நிறுவனத்தின் பங்கு விலை ஏறத்தாழ 8 சதவிகிதம் சரிந்தது! நல்ல பொருளைக் காட்டிய மறுநாளே விலை விழுவானேன்? ஒரு வாரக் காலம் மக்கள் மனத்தில் வளர்ந்த 'டி' மேடைக்கு வந்த 'டி'யைவிடப் பெரிதாகிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

ஆறு மாதங்கள் கழிந்தன. 2015 மார்ச் 30-இல் மஸ்க் மீண்டும் ஒரு வரி எழுதினார். டெஸ்லாவின் பெரியதொரு புதிய பொருள்வரிசை, ஆனால் அது கார் அன்று. ஏப்ரல் 30-ஆம் நாள் இரவு 8 மணிக்கு வெளியிடப்படும் என்பது செய்தி. சில நிமிடங்களுக்குள் பங்கு விலை ஏறிற்று. கார் செய்யும் நிறுவனம் கார் அல்லாத எதைச் செய்யும்? விடுகதை விரும்பும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இத்தகைய கேள்வி இரவு உணவு முடியும் வரை ஓயாது. பெரியவர்களும் அவ்வாறே ஆயினர்.

இடையே ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. ஏப்ரல் முதல் நாள், 'மாடல் டபிள்யூ' என்ற கைக்கடிகாரத்தைச் செய்திருப்பதாக டெஸ்லா நிறுவனமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முட்டாள்கள் தினக் கேலிதான். ஆயினும் அதை மெய்யென்று நம்பிப் பங்கு வாங்கியோர் இருந்தனர். விலை சற்று நேரம் எழும்பிப் பின்னர் தணிந்தது. கேலியை உணராதவர் மனிதரா, செய்தியைத் தாமே படித்துப் பங்கு வாங்கும் கணிப்பொறிகளா என்று அந்நாளில் கேலியாகவே வினவினர்.

உண்மையில் இவ்விடுகதைக்கு விடை முன்னரே வெளிவந்திருந்தது. அவ்வாண்டு பிப்ரவரி மாதமே, பங்குதாரர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கணக்கு விவரம் கூறிய கூட்டத்தில், வீட்டு உபயோகத்திற்கான மின்கலம் ஒன்றின் வடிவமைப்பு முடிந்துவிட்டது என்றும், ஏறத்தாழ ஆறு மாதத்தில் உற்பத்தி தொடங்கும் என்றும் மஸ்க் சொல்லியிருந்தார். நெவாடா மாநிலத்தில் மாபெரும் மின்கலத் தொழிற்சாலை ஒன்றும் எழும்பிக்கொண்டிருந்தது. சுவையற்ற அந்தக் கணக்குக் கூட்டத்தைச் செவிமடுத்தவர்கள் 'வீட்டு மின்கலம்' என்று உடனே சொல்லிவிட்டனர். அவர்கள் சொன்னபடியே நடந்தது. சுவரில் மாட்டும் அப்பொருளுக்குப் 'பவர்வால்' என்று பெயர். பகலில் சூரிய ஒளியால் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தரும். 7 கிலோவாட் மணி கொள்வது 3,000 டாலர். 10 கிலோவாட் மணி கொள்வது 3,500 டாலர். அவ்விலையில் நேர்மின்னோட்டத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் அடங்கவில்லை. பொருத்தும் கூலியும் அடங்கவில்லை. மேடையில் கேட்ட விலையைக் குறித்துக்கொண்டு குடும்பக் கணக்கு எழுதியோர் பின்னர் அதை அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. 10 கிலோவாட் மணி வகையோ ஓராண்டுக்குள்ளாக ஆரவாரமின்றி விலக்கப்பட்டுவிட்டது.

பத்தாண்டுகள் சென்ற பின்னும் இக்கதை மாறவில்லை. 2025 அக்டோபர் தொடக்கத்தில் ஏதோ ஒன்று சுழல்வதைக் காட்டி, அக்டோபர் 7 என்ற தேதியையும் குறித்து அந்நிறுவனம் ஒரு சிறு படக்காட்சி வெளியிட்டது. நெடுங்காலமாக எதிர்பார்க்கப்படும் பந்தயக் கார்தான் வருகிறது என்று பலர் மகிழ்ந்தனர். வந்தவையோ, இருந்த மாடல் ஒய், மாடல் 3 கார்களின் வசதி குறைந்த மலிவுப் பதிப்புகள். அமெரிக்க அரசு மின்கார் வாங்குவோருக்கு அளித்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகை செப்டம்பர் 30-உடன் முடிந்துபோயிருந்தது. சலுகை போன மறுவாரம் ஒரு வியாபாரி எதை அறிவிப்பார் என்பதைச் சந்தைக்குப் போய்வரும் எந்த இல்லத்தலைவியும் ஊகித்திருப்பார்.

இவ்வளவு மூடுமந்திரம் எதற்கு என்று கேட்கலாம். அதற்கு நம் நாட்டு மண்ணில் வளர்ந்த ஒருவருடைய கதையே விடை. ஆடம் ஆஸ்பர்ன் என்பார் தம் இளமையைத் திருவண்ணாமலையில் கழித்தவர். அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் இரமண மகரிஷியின் அன்பர். மகன் அமெரிக்கா சென்று, கையில் தூக்கிச் செல்லத்தக்க கணிப்பொறியொன்றை 1981-இல் 1,795 டாலருக்கு விற்பனைக்குக் கொணர்ந்தார். 'கையில் தூக்கி' என்றோம். எடை ஏறத்தாழ 11 கிலோ! ஆயினும் அமோகமாக விற்றது. 1983-இல், இதனினும் சிறந்த அடுத்த பொறி வரப்போகிறது என்ற செய்தி முன்கூட்டியே பரவிற்று. வாங்கவிருந்தோர் 'அதற்கே காத்திருப்போம்' என்று கைகட்டி நின்றனர்; கிடங்கில் சரக்குத் தேங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலாயிற்று. போட்டியும் நிர்வாகக் குறைகளும் அதற்குக் காரணங்கள் என்று வாதிடுவோரும் உண்டு. ஆயினும் உரிய காலத்துக்கு முன் வாய்திறந்து கெடுவதற்கு 'ஆஸ்பர்ன் விளைவு' என்ற பெயர் வணிக உலகில் நிலைத்துவிட்டது. அவர் பிற்காலத்தில் கொடைக்கானலுக்குத் திரும்பி, 2003-இல் அங்கேயே காலமானார்.

ஆக, விற்றுக்கொண்டிருக்கும் பொருள் தேங்காதிருக்க அடுத்த பொருளை மறைக்க வேண்டும். மக்கள் மறந்துவிடாதிருக்க அதைச் சிறிது காட்டவும் வேண்டும். பாதி திறந்த கொட்டகைக் கதவின் பொருள் இதுவே.

எந்தப் பொருள் வரும் என்று ஊகிப்பது, நாம் கண்டவாறு, அவ்வளவு கடினமன்று. தவறினாலும் யாருக்கும் பெரிய நட்டமில்லை. எந்த நாளில் வரும், என்ன விலைக்கு வரும் என்பவையே கடினமான கேள்விகள். குடும்பங்கள் பணம் கட்டுவது இவ்விரண்டையும் நம்பித்தான். அவற்றை மேடையில் நின்று சொல்பவருக்கும் அவை ஊகங்களே.

2016 மார்ச் 31-ஐ எடுத்துக்கொள்வோம். நடுத்தரக் குடும்பங்களுக்கான மாடல் 3 கார் அன்றிரவு காட்டப்படும். விலை 35,000 டாலர். காரை எவரும் காணுமுன்பே, அன்று காலையிலேயே, கடைகளின் வாசலில் மக்கள் வரிசையில் நின்றனர். ஒவ்வொருவரும் 1,000 டாலர் முன்பணம் கட்டினர். ஒரு வாரத்தில் 3,25,000 பேருக்கு மேல் பதிவு செய்தனர். பெருக்கிப் பாருங்கள்: 32 கோடியே 50 இலட்சம் டாலர், வட்டியில்லாக் கடனாக! வங்கியில் கடன் கேட்டால் ஈடு காட்ட வேண்டும். இங்கே ஈடாக நின்றது ஒரு மாலைநேரத்து மேடைக்காட்சி.

2017 ஜூலை 28-இல் முதல் 30 கார்கள் ஒப்படைக்கப்பட்டன. அவ்வாண்டு இறுதியில் வாரத்திற்கு 5,000 கார் என்று குறித்திருந்த இலக்கை 2018 ஜூன் இறுதியில்தான் எட்டினர். அதற்காகத் தொழிற்சாலை வளாகத்தில் பெருங்கூடாரம் அடித்து அதனுள்ளும் கார்களைப் பூட்டினர். மேடையில் கூறிய 35,000 டாலர் விலைக்குரிய வகை 2019 பிப்ரவரி இறுதியில்தான் விற்பனைக்கு வந்தது. ஏப்ரலில் இணையவழி விற்பனைப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டனர். வேண்டுவோர் தொலைபேசியிலோ கடையிலோ கேட்டுப் பெற வேண்டும் என்றாயிற்று. விலையைச் சொன்னார்கள், அந்த விலைக்கு விற்கவும் செய்தார்கள் என்பது மெய்யே. ஆனால் முதல் நாள் வரிசையில் நின்ற ஆசிரியரோ செவிலியரோ அந்த விலையை நம்பி மூன்று ஆண்டு காத்திருந்தார் என்பதும் மெய்.

2017 நவம்பர் 16-இல் நடந்தது இன்னும் விந்தை. பாரமேற்றும் மின்லாரி ஒன்றைக் காட்டுவதாகக் கூட்டம் கூட்டினர். லாரியைக் காட்டி முடித்த பின், அதன் பின்பெட்டியிலிருந்து யாரும் எதிர்பாராத பந்தயக் கார் ஒன்று உருண்டு வந்தது. அரங்கம் ஆர்ப்பரித்தது. 'ரோட்ஸ்டர்' என்னும் அக்காருக்கு 50,000 டாலர் முன்பணம். முதல் 1,000 கார்களை விரும்புவோர் 2,50,000 டாலரை முழுதாகவே கட்ட வேண்டும். 2020-இல் தருவதாகச் சொன்னார்கள். 2025-ஆம் ஆண்டு முடியும் வரை ஒருவர் கையிலும் அக்கார் ஒப்படைக்கப்படவில்லை. லாரி 2019-க்குப் பதில் 2022 டிசம்பரில் முதல் வாடிக்கையாளரான பெப்சி நிறுவனத்திடம் சென்றது.

2019 நவம்பர் 21-இல் காட்டிய 'சைபர்டிரக்' வண்டியை வாசகர்கள் படத்திலேனும் பார்த்திருப்பார்கள். உடையாக் கண்ணாடி என்று சொல்லி இரும்புக் குண்டை எறிய, கண்ணாடி விரிந்து, மஸ்க் அசடு வழிய நின்ற காட்சியை உலகமே கண்டு சிரித்தது. நமக்கோ சிரிப்புக்குரியது கண்ணாடியாகப் படவில்லை. அன்று சொன்ன தொடக்க விலை 39,900 டாலர். உயர்ந்த வகை ஒருமுறை மின்னேற்றினால் 500 மைல் ஓடும் என்றனர். 2023 நவம்பர் 30-இல் வண்டிகளை ஒப்படைக்கத் தொடங்கியபோது பட்டியலில் இருந்த மிகக் குறைந்த விலை 60,990 டாலர்; அவ்வகையும் பின்னரே கிடைக்கும். அதிகத் தொலைவு 340 மைல். உடைந்த கண்ணாடியை அன்றிரவே எல்லாரும் பார்த்தார்கள். இந்த எண்களில் விழுந்த விரிசலைக் காண நான்கு ஆண்டு வேண்டியிருந்தது.

நடுநிலையோடு சொன்னால், அவர் சொன்னவற்றுள் பல வந்து சேர்ந்தன. மாடல் ஒய் 2023-இல் உலகிலேயே மிகுதியாக விற்ற காராக விளங்கியது. பழைய பெருநிறுவனங்கள் மின்கார் செய்ய விரைந்ததற்கும் இவர் மூட்டிய பரபரப்பு ஒரு காரணமாகும். 'பெரிதாகச் சொல்லாவிட்டால் யார் முதல் போடுவார்?' என்று அவர் சார்பில் வாதிடுவோரை நாம் மறுத்துப் பேச இயலவில்லை. முதலீட்டாளர் துணிந்து போடுவது அவர் தொழில். இலாபம் வந்தால் அவருக்கு வரும். மாதச் சம்பளத்திலிருந்து முன்பணம் கட்டும் குடும்பத்தாரும் அதே துணிவைக் காட்டும்படி ஆகிவிடுகிறதே, அவருக்கு அந்த இலாபத்தில் பங்கு ஏது என்பதுதான் நம் வினா.

அவ்வாறு கட்டியோருள் நம் நாட்டவரும் இருந்தனர். 2016-இல் மாடல் 3-ஐப் பதிவு செய்யத்தக்க நாடுகளுள் இந்தியாவையும் சேர்த்தார்கள். இங்கிருந்தும் பலர் 1,000 டாலர் அனுப்பினர். அந்நாளில் அது ஏறத்தாழ 66,000 ரூபாய். ஆண்டுகள் உருண்டன; இறக்குமதி வரியைப் பற்றிய பேச்சுவார்த்தைகளும் உருண்டன. 2025-இல் அப்பழைய பதிவுதாரர்களுக்கு முன்பணத்தைத் திருப்பித் தருவதாக மின்னஞ்சல் வந்தது. அவ்வாண்டு ஜூலை 15-ஆம் நாள் மும்பையில் நிறுவனத்தின் முதல் காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே விற்பனைக்கிருந்தது மாடல் 3 அன்று, ஏறத்தாழ 60 இலட்சம் ரூபாய் விலையுள்ள மாடல் ஒய். திரும்பி வந்த 1,000 டாலர் கூடவுமில்லை, குறையவுமில்லை. ரூபாய்க் கணக்கில் பார்த்தால் மட்டும் 85,000 அளவுக்கு உயர்ந்திருந்தது. அது காரினால் வந்த இலாபமன்று, ஒன்பது ஆண்டில் ரூபாய் இறங்கிய இறக்கம்.