மீனின் வளர்ச்சியும் தொட்டியின் விஸ்தாரமும்

பொத்தேரி ரயில் நிலையத்தைச் சூழ்ந்து எழுந்துள்ள அடுக்கு மாடிகளில், மாணவர்களும் இளங்குடும்பத்தினரும் வாடகைக்கு வசிக்கும் அறைகளுக்கு, கொளத்தூர் வண்ணமீன் கடைகளிலிருந்து பிராணவாயு அடைத்த பிளாஸ்டிக் பையில் வந்து சேரும் ஆஸ்கர் குஞ்சு 2 அங்குலமே இருப்பதால், 2 அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி அதற்குத் தாராளமென்றே வாங்கியவருக்குத் தோன்றுகிறது. ஆனால் நல்ல தீனி கிடைத்தால் ஓராண்டுக்குள் அது 10 அங்குலத்தை நெருங்கிவிடும். நீளம் ஐந்து மடங்குதான். சரீரமோ அகலத்திலும் பருமனிலும் கூடவே பெருகுவதால், எடை ஏறக்குறைய 125 மடங்காகிறது. தொட்டி மட்டும் அதே 56 லிட்டர்.

தின்ற தீனியின் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியே அம்மோனியாவாக மீன் வெளியேற்றுகிறது. பில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த விஷத்தை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுத்தாலும், சிறு தொட்டியில் அவற்றின் பிரயாசை பெருமீனுக்கு ஈடுகொடுப்பதில்லை. காரத்தன்மை மிகுந்த போர்த் தண்ணீரில் அம்மோனியாவின் கொடுமை அதிகம். செங்கற்பட்டுச் சீமையின் சித்திரை வெயிலில் சூடேறிய நீரில் பிராணவாயுவோ குறைவு. அந்நேரம் மின்சாரமும் நின்று ஏர் மோட்டார் ஓய்ந்துவிட்டால், மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்; அதை விளையாட்டென்று ரசிப்பவர்களும் உண்டு.

தொட்டிக்குத் தக்கபடி மீன் வளர்ந்து நின்றுவிடும் என்று கடைத்தெருவில் சொல்லுவார்கள். இதைவிட விபரீதமான உபதேசம் இத்துறையில் இல்லை. வளர்ச்சி குன்றுவது மெய்யே. அப்படிக் குன்றிய மீனின் முதுகு வளைந்திருப்பதையும், திரும்பும்போதெல்லாம் கண்ணாடியில் உராய்ந்து வால் பிய்ந்திருப்பதையும், தலையில் குழிகள் விழுந்திருப்பதையும் கிட்ட நின்று பார்த்தவர் அவ்வுபதேசத்தை நம்பார்.

வளர்ந்த ஆஸ்கர் ஒன்றுக்கு 4 அடித் தொட்டியும் சுமார் 280 லிட்டர் நீரும் வேண்டும். 3 அடி வரை வளரும் அரவானாவுக்கு 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் இருந்தாலும் போதாது. அந்தத் தொட்டியின் தண்ணீரே 680 கிலோ என்பதை வீட்டுக்காரர் அறிந்தால் மூன்றாம் மாடிக்கு ஏற்ற இசைவாரா என்பது வேறு விஷயம்.

இட நெருக்கடி நிபுணர்களையும் விடுவதில்லை. மாமல்லபுரக் கரையோரம் வடநெம்மேலியில் 1976-இல் நிறுவப்பட்ட முதலைப் பண்ணையிலேயே முதலைகள் மிகுந்துபோய், 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு மாற்றும் விவகாரம் 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. பண்ணைக்கு ஜாம்நகர் கிடைத்தது. அறையைக் காலி செய்யும் மாணவருக்கு அருகிலிருக்கும் ஏரிதான் கண்ணில் படுகிறது. தொட்டியின் பாசியைத் தின்னுமென்று விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளர்ந்ததும் இவ்வாறு நீர்நிலைகளில் விடப்பட்டு, அங்கேயே பெருகி, தன் முள் செதில்களால் மீனவரின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.